கட்டனா, சுக்குக் காப்பியா? நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் டம்ளர்ச் சண்டை

முன்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு, "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு விசிறியோடு ஓடுகிறவர்களைப் பார்க்காமல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். (பைக்கில் சுற்றி வருகிறவர்களும் இப்போது உண்டு, அவர்களை விடுவோம்.) வழி நெடுக ஊர்க்காரர்கள் சுக்கு நீர், மோர், பானகம், கஞ்சி என்று ஊற்றிக் கொடுப்பார்கள். எனக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

இப்போது ஞாயிறு காலையில் நாலைந்து பேர் நாகர்கோவிலில் கிளம்பி சுசீந்திரம், கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடுகிறோம். இருபது கிலோமீட்டர் போல வரும். கால் வலியை விடப் பெரிய தொல்லை, ஓடுவதற்கு முன்னால் என்ன குடிப்பது என்ற சண்டை. ஒருவர் கட்டன் (பால் சேர்க்காத டீ) கட்சி, ஒருவர் சுக்குக் காப்பி. சென்னையில் வேலை பார்த்துத் திரும்பிய தம்பிக்கு கிரீன் டீயும் செம்பருத்தி டீயும்தான். நான் எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தவன்.

"ஒரு கட்டன் அடிச்சிட்டு ஓடு மக்களே, பறப்ப" என்பார் டீக்கடை அண்ணாச்சி. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தேயிலையில் உள்ள காஃபின், களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதே வேகம் கொஞ்சம் லேசாகத் தெரிகிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவும் என்று திரும்பத் திரும்ப உறுதியான பொருள்களில் இது ஒன்று. ஒரு காலத்தில் ஊக்கமருந்துப் பட்டியலில் அளவு வைத்துத் தடுத்திருந்தார்கள், 2004-ல்தான் எடுத்தார்கள்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 180 மில்லிகிராம். ஒரு கப் கட்டனில் 40, 50 தேறும். டீக்கடை கிளாஸ் அதைவிடச் சின்னது. நாலு கிளாஸுக்கு மேல் குடித்துவிட்டு ஓடினால், சுசீந்திரம் கோபுரம் கண்ணில் படுவதற்குள் வயிறு கலக்கிவிடும். நான் சொந்தமாகக் கண்ட உண்மை இது. ஒன்றிரண்டு கிளாஸில் கிடைப்பது சின்ன உதவிதான், அது எனக்குப் போதும். கட்டன் குடித்தால் உடம்புத் தண்ணீரெல்லாம் சிறுநீராகப் போய்விடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். தினமும் குடித்துப் பழகியவருக்கு அப்படி எதுவும் பெரிதாக நடக்காது.

சுக்குக் காப்பியில் பெயரில்தான் காப்பி. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி மட்டும் போட்டால் அதில் காஃபினே இல்லை, வேகத்தைக் கூட்டவும் செய்யாது. 2010-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தினம் 2 கிராம் இஞ்சியைப் பதினோரு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கடினமான கைப் பயிற்சிக்குப் பிறகு வந்த தசை வலி நாலில் ஒரு பங்கு குறைந்தது. கவனியுங்கள்: கைப் பயிற்சி, அதுவும் தொடர்ந்து எடுத்தபோது. ஓடி முடித்து ஒரே ஒரு டம்ளர் குடித்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்ட ஓட்டத்தில் குமட்டல் வருகிறவர்களுக்கும் இஞ்சி ஆறுதல் தரலாம். சிலருக்கு நெஞ்செரிச்சலையும் தரும்.

அப்படியானால் சுக்கு நீர் குடித்த பக்தர் எப்படிக் குதித்துக்கொண்டு ஓடுகிறார்? எனக்கென்னவோ பாதிப் பெருமை கருப்பட்டிக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றுகிறது. பல மணி நேரம் ஓடுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரை. அதைப் போடாமல் "டயட்" சுக்குக் காப்பி குடிக்கிறவர் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பெட்ரோல் போட மறந்தவர்.

சூடாகக் குடிப்பதா, ஆறவைத்தா என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு 50 டிகிரி சூட்டில் தண்ணீர் கொடுத்தபோது அவர்கள் உடம்பில் தேங்கிய வெப்பம் குறைந்தது. வியர்வை கூடுதலாக வந்து ஆவியானதுதான் காரணம். ஆவியானால்தான் பலன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகளுக்கு நடுவே ஓடினால் வியர்வை காய்ந்துவிடுகிறது, அங்கே சூடான சுக்கு நீர் சரி. முட்டம், குளச்சல் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், காயாது. அங்கே குளிர்ச்சியாகக் குடிப்பதே மேல்.

செம்பருத்திக்கு அதிக நேரம் வேண்டாம். ஆய்வில் இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தது புளிச்சகீரை இனத்தின் சிவந்த புல்லிவட்டம், நம் வீட்டு முற்றத்துச் செம்பருத்திப் பூ அல்ல. இரண்டும் வேறு வேறு செடிகள். ஓட்ட வேகத்துக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். கிரீன் டீயில் கட்டனை விடக் காஃபின் பொதுவாகக் குறைவு. கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சு ஓட்டத்தில் எடுபட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, உப்பு இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்து இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைந்திருந்தது. பெரிய காரணம் அளவுக்கு மீறிக் குடித்தது. மூலிகை நீரானாலும் வெறும் நீர் வெறும் நீர்தான். ஆகவே பாதி வழியில் நான் நிறுத்துவது உப்புப் போட்ட மோருக்கு. கட்டன் கிளம்புவதற்கு முன், சுக்குக் காப்பி திரும்பிய பின்.

சாப்பாட்டோடு சேர்த்து எந்த டீயும் வேண்டாம். தேயிலை மட்டுமல்ல, புதினா டீகூடக் கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைப் பெருமளவு தடுக்கும். ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு இது முக்கியம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கடைசியாகப் பொடிகள். சுக்குப் பொடியில் அதிமதுரம் கலந்திருந்தால் தினமும் நிறையக் குடிக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தோவாளைப் பூச்சந்தையில் தாமரையைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொன்று நினைவுக்கு வரும். தாமரை விதைக்குள் இருக்கும் கசப்பான பச்சை முளையில் ஹைஜினமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சீனாவில் அந்த முளையில் டீ போடுகிறார்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலில் 2017 முதல் ஹைஜினமின் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை யாரும் சோதிக்கப் போவதில்லை. வீட்டில் தேசியப் போட்டிக்குப் போகிற பிள்ளை இருந்தால், பாட்டி அன்போடு நீட்டுகிற டம்ளரில் என்னென்ன பொடி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.