ஆளி விதைப் பொடியும் என் கொலஸ்ட்ராலும்: மூன்று வருஷ அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கண்ணி கோப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது எல்லாமே உட்கார்ந்த இடத்து வேலை. ஐம்பதைத் தாண்டி மாதவிலக்கும் நின்ற பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 158 வந்தது. சர்க்கரை இல்லை, பிரஷரும் சரியாக இருந்தது. டாக்டர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறுமாம். அப்படியிருந்தால் அதற்கு மருந்து எடுத்தாலே இதுவும் இறங்கும். எனக்கு அந்தக் குறை இல்லை. "மாத்திரைக்கு இப்போது அவசரமில்லை, சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துவிட்டு வாருங்கள்" என்றார். ஆளி விதை சாப்பிடலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் பொடியாக, தண்ணீர் நிறையக் குடித்து என்றார். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் தொடர்கிறேன்.

பொடியாக என்று அவர் சொன்னதுதான் முக்கியம். மேல்தோல் வழுவழுவென்று கெட்டியாக இருப்பதால் முழு விதை பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். அரைத்தால்தான் உள்ளே இருக்கும் கொழுப்பும் லிக்னன் என்ற தாவரப் பொருளும் உடம்புக்குக் கிடைக்கும். இந்த விதையின் நார்ச்சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் ஊறி, வெண்டைக்காய் போலக் கொழகொழப்பாகும். அது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். போன பித்தநீருக்கு ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துப் புதிதாகச் செய்துகொள்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் இறங்குவது அப்படித்தான்.

விதையை லீ பஜாரில் அரைக் கிலோவாக வாங்குவேன். முறத்தில் தட்டித் தூசி போக்கி, கனமான இரும்பு வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் பொட்பொட்டென்று வெடிக்க ஆரம்பிக்கும், எள் வறுத்த வாசனைக்குப் பக்கத்தில் ஒரு வாசனை வரும். வெடிப்பு அடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டு ஓரத்தில் அப்பிக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகு விட்டுவிட்டு ஓட்டினால் மணல் போலப் பொலபொலவென்று வரும். இதில் பாதியைத் தனியாக வைப்பேன். மீதியை வறுத்த உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்து இட்லிப் பொடியாக்கிவிடுவேன். தனிப் பொடி கம்பங்கூழில் கலந்தால் தெரியவே தெரியாது. மோரில் கலந்தால் உடனே குடித்துவிடுங்கள், வைத்திருந்தால் கெட்டியாகிவிடும்.

வறுத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று பலரும் சொல்கிறார்கள். கனடாவில் கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குத் தினமும் 30 கிராம் ஆளி விதைப் பொடியை ரொட்டி, மஃபின் போன்ற பண்டங்களில் சேர்த்து வேகவைத்துத்தான் கொடுத்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் 6 மாதத்தில், ஆளி விதை சேராத பண்டம் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளி குறைவாக இருந்தது. அதனால் மிதமாக வறுப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

கவலைப்பட வேண்டியது பொடி காறிப்போவதைப் பற்றித்தான். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் இதே விதையின் எண்ணெய்தான். காற்றுப் பட்டால் மாறுகிற குணம் உள்ளதால்தான் அது மரத்தின் மேல் காய்ந்து இறுகுகிறது, அதே குணம்தான் நம் பொடியையும் கெடுக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே வைத்த பொடியில் சீக்கிரமே பெயின்ட் வாடை வந்துவிடும். வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நான் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனாருக்குக் குளிர் உதவுகிறது, ஆனால் பனிமூட்டக் காலத்தில் மூடி சரியில்லாவிட்டால் ஈரம் ஏறிக் கட்டிகட்டியாகிவிடுகிறது என்பார். முழு விதையாக வைத்தால் இரண்டு ஊரிலும் மாதக்கணக்கில் கெடாது.

சரி, பலன் என்ன? ஒரு ஸ்பூனில் தொடங்கி மெதுவாக ஏற்றி, இப்போது நாளுக்கு மூன்று மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம். முதல் ஆறு மாதத்தில் எல்டிஎல் 158-லிருந்து 141-க்கு வந்தது. நல்ல கொலஸ்ட்ராலும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பும் அசையவில்லை. இறங்கியது முழுக்க ஆளி விதையால் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் காலையில் நடக்க ஆரம்பித்தேன், சாயந்திரம் பட்டறைக்கு வாங்கிவரும் தட்டுவடை செட்டையும் வாரத்துக்கு ஒருநாள் ஆக்கினேன். 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2009-இல் வந்தது. முழு விதையோ பொடியோ சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 6 புள்ளி அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஆரம்பத்திலேயே கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்களுக்கும் பலன் கூடுதல். வெறும் ஆளி எண்ணெயால் கொலஸ்ட்ரால் குறையவில்லை. நார்ச்சத்து எண்ணெயில் இல்லையே! கேப்ஸ்யூலுக்குச் செலவழிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மகளின் பேறுகாலத்தில் பொடி அரைப்பதே நின்றுபோனது. கர்ப்பமாக இருந்ததால் அவளுக்கு அது வேண்டாம் என்றார்கள், எனக்கென்று தனியாக அரைக்க நேரமில்லை. அப்புறம் பார்த்தபோது 152. நெய்யும் பத்தியச் சாப்பாடும் வீட்டில் ஓடிய காலம் அது, நடையும் கிடையாது. மறுபடி எல்லாவற்றையும் பிடித்த பிறகு 143.

வயிறு விஷயத்தில் இது எனக்கு நிஜமாகவே நல்லது செய்தது. நாள்பட்ட மலச்சிக்கல் போய்விட்டது. ஆனால் தண்ணீர் குறைந்தால் நேர்மாறாக இறுகிவிடும், வயிறு உப்பும்.

என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் எடுக்கிறார். அவருக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு ஸ்பூன் மட்டும் தருகிறேன், அதுவும் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி, ஏனென்றால் இந்தக் கொழகொழப்பு மருந்து உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்களும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த விதை இறக்குவதைப் போலப் பல மடங்கு மாத்திரை இறக்கும்.

எனக்கும் 160-ஐத் தாண்டினால் மாத்திரை தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் தயங்காமல் தொடங்குவேன், இட்லிக்கு இந்தப் பொடியும் தொடரும்.