எலக்ட்ரிக் ஸ்கூட்டர் 31,000 கிமீ: ஓட்டினதும் துடைச்சதும்

2021 கடைசில எடுத்த வண்டி, போன வாரம் ஓடோமீட்டர் 31,000 தாண்டுச்சு. "எப்படி இருக்கு, எடுக்கலாமா"ன்னு சொந்தத்துல நாலு பேராவது கேட்டாச்சு, அதான் ஒரேடியா எழுதிடுறேன்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். எனக்கு வீடு அத்திப்பட்டு, வேலை மணலி. போய் வர தினம் 30 கிமீக்குள்ளதான். ராத்திரி 11 மணிக்கு பிளக்க சொருகிட்டுப் படுத்தா காலைல ஃபுல். ஆயில் மாத்துற வேலை கிடையாது, பின் டயர் ரெண்டு தடவ, பிரேக் பேட் ரெண்டு தடவ, அவ்ளோதான் செலவு. கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்துல சஸ்பென்ஷன் போனதுக்கு வண்டிய குறை சொல்ல மாட்டேன். 2023 மிக்ஜாம் புயலப்ப ஃபுட்போர்டு வரைக்கும் தண்ணி நின்னுச்சு, ரெண்டு நாள் காயவிட்டு சாமிய கும்பிட்டுட்டு ஆன் பண்ணேன், ஓடிருச்சு.

இப்ப நான் தினம் காலைல பண்ற வேலைய சொல்றேன். சீட்ட துணியால துடைக்கணும். வெறும் தூசி இல்ல, விரல வச்சு இழுத்தா மாவு மாதிரி நைசா சாம்பல் நிறத்துல ஒட்டும். எங்க ஊருக்கு ஒரு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர் 1,500 மெகாவாட். புகையே விடாத வண்டி மேல புகைபோக்கி சாம்பல். இத கவனிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அப்புறம் ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டேன். 100 கிமீக்கு 3 யூனிட் சொச்சம், சார்ஜ் ஆகுறப்ப வீணாறதையும் சேத்தா இதுவரைக்கும் 1,000 யூனிட் கிட்ட. அனல்மின் கரண்ட் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சலா நிலக்கரி, ஆக 700 கிலோ. ஒடிசா தால்சேர்ல வெட்டி கப்பல்ல எண்ணூருக்கு வர்ற நம்மூர் நிலக்கரில மூணுல ஒரு பங்கு சாம்பல்தான், அப்ப 230 கிலோ. கிட்டத்தட்ட அஞ்சு மூட்டை சிமெண்ட் எடை. எல்லா கரண்ட்டும் நிலக்கரி இல்லதான், ஆடிக் காத்துல காத்தாலை இருக்கு, கூடங்குளம் இருக்கு, ஆனா நான் சார்ஜ் போடுற நேரத்துல சூரியன் இல்லயே.

பெட்ரோல் வண்டியா இருந்தா 690 லிட்டர் எரிச்சிருப்பேன், கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை டன்னுக்கு மேல. கரண்ட் முழுக்க நிலக்கரின்னு வச்சாலும் இது ஒரு டன் கிட்டதான். அதனால பெட்ரோலே தேவலன்னு யாரும் கிளம்பிடாதீங்க. மாதவரம் சிக்னல்ல நிக்கிறவனுக்கு நிச்சயம் நல்லதுதான். ஆனா அந்த 230 கிலோல ஒரு பங்க தண்ணில கரைச்சு பைப்புல சாம்பல் குளத்துக்கு அனுப்புறாங்க, செப்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்க, பைப் ஒழுகி ஒழுகி கொசஸ்தலை ஆத்துலயும் கலந்துருக்கு. எங்க தெருவுக்கு எறா கொண்டு வர்ற அக்கா, முன்னாடி ஆத்துல உக்காந்து கையாலயே தடவிப் புடிச்சவங்க, இப்ப காசிமேட்ல வாங்கி விக்கிறாங்க. "கால வச்சா முட்டி வரைக்கும் சாம்பச் சேறு தம்பி, எறாவ எங்கன்னு தேடுறது?"

பேட்டரிக்கு வரேன். புதுசுல ஒரு சார்ஜுக்கு நிஜமா 90 கிமீ போச்சு, இப்ப 66. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ரகம். உலகத்துல தோண்டுற கோபால்ட்ல பெரும்பங்கு காங்கோல இருந்து வருது, அங்க சின்னப் பசங்க வரைக்கும் குழிக்குள்ள இறங்குறாங்க. நிக்கல்ல முதலிடம் இந்தோனேசியா, சுலவேசி தீவுல அத உருக்குறதுக்குன்னே தனியா நிலக்கரி மின்நிலையம் கட்டி வச்சிருக்காங்க, நம்ம கதையேதான். இத எல்லாம் எடுக்கும்போது எனக்குத் தெரியாது. இப்ப எடுத்தா எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான் கேப்பேன், அதுல கோபால்ட்டும் இல்ல நிக்கலும் இல்ல, எடைதான் கொஞ்சம் கூட.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா செல் மாத்தித் தர மாட்டாங்களாம், முழு பேக்கும் மாத்தணும், 60,000க்கு மேல சொன்னாங்க. பழசு எங்க போகும்னு கேட்டேன். "அத நாங்க பாத்துக்குறோம் சார்." எழுதித் தாங்கன்னேன், கவுண்டர்ல இருந்த பையன் என்னை ஒரு மாதிரி பாத்தான். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி பழச திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிக்கிறவங்க பொறுப்பு, நான் ஒண்ணும் இல்லாதத கேக்கல.

அதனால மாத்தல. 66 கிமீ எனக்கு தாராளம், 40க்கு இறங்குறப்ப பாத்துக்கலாம். எடுக்கலாமான்னு கேட்டவங்களுக்கு: எடுங்க, எல்எஃப்பியா பாருங்க, பழைய பேட்டரிய திரும்ப எடுத்துக்குவோம்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க. எங்க ஏரியான்னா சீட் கவர் கருப்பு வேணாம், ரெண்டே நாள்ல வெளுத்த மாதிரி ஆயிடும்.