ஹைட்ரா நகர்வதை வீடியோவாக்க: ஃபிஜியா, எஃப்எஃப்எம்பெக்கா?

காரைக்குடியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஊருணித் தண்ணீரில் கிடைத்த ஹைட்ரா என்ற குட்டி நீர்வாழ் உயிரியை நுண்ணோக்கியில் வைத்து 10 நொடிக்கு ஒரு படமாக எடுத்துக் குவித்தோம். அதை வீடியோவாக்க இரண்டு மென்பொருள்கள்: நுண்ணோக்கிப் படங்களை அலசுகிற ஃபிஜி, கமாண்ட் எழுதி வீடியோ செய்கிற எஃப்எஃப்எம்பெக். நான் எஃப்எஃப்எம்பெக் பக்கம்தான். இரண்டுமே இலவசம், விண்டோஸ், லினக்ஸ் எதிலும் ஓடும். மொபைல் ஆப்களை விட்டுவிடுங்கள். ஒரு படம் கரைந்து அடுத்தது வருகிற எஃபெக்டைத் தானாகச் சேர்த்துவிட்டால், ஹைட்ரா செய்யாத அசைவையும் செய்ததாகக் காட்டும்.

இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஃபிஜியில் அளவுகோலையும் நேரத்தையும் ஃபிரேமிலேயே பதிப்பது சுலபம். ஆனால் மெமரியைத் தின்னும்: 1920க்கு 1080 கலர் படம் ஒன்றே 8 எம்பி, ஆயிரம் படம் என்றால் 8 ஜிபி. விர்ச்சுவல் ஸ்டாக்காக, அதாவது எல்லாவற்றையும் மெமரியில் ஏற்றாமல் தேவைப்படும் படத்தை மட்டும் டிஸ்கிலிருந்து எடுக்கும்படி, திறந்தால் தப்பிக்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது வீடியோவில் உயிரி அசைகிற வேகம். நொடிக்கு 10 ஃபிரேம் ஓட்டினால் நிஜத்தைவிட 100 மடங்கு. எஃப்எஃப்எம்பெக்கிடம் எண்ணைச் சொல்லாமல் விட்டால் அது 25 என்று எடுத்துக்கொள்ளும், 250 மடங்காகிவிடும், குட்டிக்கரணம் போட்டு மெல்ல நகர்கிற ஹைட்ரா தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளும். அதனால் எண்ணைக் கமாண்டிலேயே எழுதிவிட வேண்டும், எனக்கு அதுதான் லாபம். அந்த ஒரு வரியை நோட்பேடில் போட்டு, படங்கள் இருக்கிற ஃபோல்டரிலேயே வைத்துவிட்டால், அடுத்த வருஷம் வருகிற மாணவி யாரையும் கேட்காமல் அதே வேகத்தில் செய்துகொள்வாள். ஃபிஜியில் எந்த மெனு, எந்த எண் என்பதெல்லாம் செய்தவர் தலைக்குள்தான் இருக்கும். செய்கிற வேலையை வரிவரியாகப் பதிவு செய்யும் மேக்ரோ ரெக்கார்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சரி, அதை முன்கூட்டியே ஆன் பண்ண யாருக்கு ஞாபகம் வருகிறது?

எச்.264 என்ற சுருக்க முறையில் செய்த வீடியோ எல்லா போனிலும் ஓட, நிறத்தைச் சேமிக்கும் முறையான பிக்சல் ஃபார்மட்டை yuv420p என்று கொடுங்கள், அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்கட்டும். தரத்தைத் தீர்மானிக்கும் எண்ணான சிஆர்எஃப் வழக்கமாக 23, எண் குறைந்தால் தரம் கூடும். நான் 18 வைக்கிறேன், டென்டக்கிள் (உணர்கொம்பு) நுனி மங்காமல் தெரிகிறது.

ஒளிரும் சாயமிட்டு எடுக்கிற ஃபுளோரசன்ஸ் 16 பிட் (பிரகாச நிலைகள் மிக அதிகமுள்ள) படங்களில் எனக்கு அனுபவமில்லை. பிரகாசத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருப்பதால் அங்கே ஃபிஜியே தேவலாம் என்று நினைக்கிறேன். இப்போதும் அளவுகோலை ஃபிஜியில் பதித்து, பிஎன்ஜி வரிசையாகச் சேமித்த பிறகுதான் எஃப்எஃப்எம்பெக்குக்குப் போகிறேன். அப்புறம் ஒன்று, மங்கலாக இருக்கிறதே என்று நடுவில் ஒரு படத்தை அழித்துவிடாதீர்கள். 0001, 0002 என்று எண் வரிசையில் படிக்கச் சொல்லியிருந்தால், விட்டுப்போன எண்ணோடு வீடியோ முடிந்துவிடும்.