ஒரு வாஷருக்கு கியர்பாக்ஸ இறக்கணும்னு சொன்னாங்க, நானும் தலையாட்டினேன்

கார்ல ஆயில் நீங்களே மாத்துற ஆளா, மாத்தி ரெண்டு நாள்ல கீழ சொட்டுதுன்னு பதறிப்போய் முன்னப்பின்ன தெரியாத ஒர்க்ஷாப்புக்கு வண்டிய விடப்போறீங்களா, இதப் படிச்சிட்டு அப்புறம் போங்க. நான் படிக்காம போனவன். நல்லா மொட்டை அடிச்சு சந்தனம் தடவி அனுப்பி வச்சாங்க.

முதல்ல என் தப்ப சொல்லிடுறேன், இல்லன்னா கமெண்ட்ல நீங்களே வந்து சொல்லுவீங்க. ஆயில் மாத்தினது நான்தான். மூணாவது தடவ மாத்துறேன், அதனால கொஞ்சம் திமிரு வேற. ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, சேம்பர் (இன்ஜினுக்கு கீழ ஆயில் தேங்குற தொட்டி) அடியில இருக்கற ட்ரெயின் போல்ட்ட கழட்டி பழைய ஆயில வடிய விட்டு, பழைய ஃபில்டர கழட்டும்போது அதோட ரப்பரும் கூடவே வந்துச்சான்னு பாத்து (அது இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னு அது மேலயே புது ஃபில்டர போட்டா மொத்த ஆயிலும் பீச்சிடும்), புது ரப்பர்ல விரலால ஆயில் தடவி, ரப்பர் போய் உக்காந்ததும் கையாலயே முக்கா சுத்து, எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணேன். ஒண்ணத் தவிர.

ட்ரெயின் போல்ட் தலைக்கு அடியில ஒரு வாஷர் இருக்கும், செம்பு இல்லன்னா அலுமினியம். அது நசுங்கித்தான் சீல் ஆகுது. ஒரு தடவ நசுங்கினா அதோட வேல முடிஞ்சுது, அடுத்த தடவ புதுசு போடணும். நான் மூணு தடவையும் ஒரே வாஷர். இருக்கறதுலயே மலிவான சாமான், அதுல போய் மிச்சம் புடிச்சேன்.

மூணாம் நாள் காலைல வண்டிய எடுத்தா தரையில காசு அளவுக்கு ஒரு கறை. மறுநாள் ரெண்டு. டிப்ஸ்டிக்ல பெருசா ஒண்ணும் குறையல, ஆனா மனசு கேக்குமா, பக்கத்துல பாக்க பளபளன்னு இருந்த ஒரு ஒர்க்ஷாப்புக்கு விட்டேன். பேர் சொல்லல, கேக்காதீங்க.

அங்க கேட்ட முதல் கேள்வியே "சார், நீங்களே ஆயில் மாத்தினீங்களா?" ஆமான்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, அதுலயே நான் பாதி ஆளாயிட்டேன், அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் தலையாட்டற நிலைமைதான். லிஃப்ட்ல தூக்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல கீழ விரல வச்சு தடவி ஆயிலக் காட்டி, "க்ராங்க் பின்னாடி சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும், இப்படியே ஓட்டினா கிளட்ச் பிளேட்ல ஆயில் ஏறிடும்"னாரு. (க்ராங்க்னா இன்ஜினுக்குள்ள சுத்தற தண்டு, அது கியர்பாக்ஸ் பக்கம் வெளிய வர்ற இடத்துல ஆயில் கசியாம தடுக்கறதுதான் அந்த சீல்.) "ட்ரெயின் போல்ட்லேர்ந்து வருமோண்ணே"ன்னு ஈனஸ்வரத்துல கேட்டேன். "போல்ட் டைட்டாத்தான் இருக்கு சார்." அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது.

கவனிங்க, அவர் சொன்னதுல ஒரு வார்த்த கூட பொய் இல்ல. பின் சீல் போறது உண்டு, போனா கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாத்தையும் கழட்டித்தான் ஆகணும், கிளட்ச்ல ஆயில் ஏறுறதும் உண்மை. என் வண்டில அது நடக்கல, அது ஒண்ணுதான் விஷயம்.

காலைல விட்ட வண்டி சாயங்காலமே ரெடின்னு ஃபோன். பில்லுல சீல், லேபர், அடிப்பக்கம் ஃபுல் க்ளீனிங். லேபர்தான் முக்காவாசி. பழைய சீல் எங்கன்னு கேட்டேன், குப்பைல போட்டுட்டோம்னாங்க. நானும் சரின்னு பணத்த கட்டிட்டு வந்தேன்.

பத்து நாள் சுத்தமா இருந்துச்சு. பதினோராம் நாள் அதே இடத்துல அதே கறை.

திரும்பப் போனா "அது பழைய ஆயில் மிச்சம் சார், வடிஞ்சா நின்னுடும்". அடிப்பக்கத்தையே கழுவினதுக்கு தனியா காசு வாங்கிட்டு பழைய ஆயில் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு அந்த நேரத்துல கேக்கத் தோணல. ஒரு வாரம் விட்டு மறுபடி போனா இப்ப சேம்பர் பேக்கிங் (சேம்பரும் இன்ஜினும் சேர்ற இடத்துல இருக்கற கேஸ்கெட்) போயிருக்காம், அது தனி வேலையாம். அப்பதான் எனக்கு உறைச்சுது.

அன்னிக்கு ராத்திரி பண்ணத முதல் நாளே பண்ணியிருந்தா இந்தப் பதிவே இல்ல. இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம் வண்டிக்கு அடில போய் டீக்ரீஸர் அடிச்சு தொடச்சு நல்லா காய விட்டேன். முன்னாடி ஈரம் இருந்த எல்லா ஜாயிண்ட்லயும் டால்கம் பவுடர் தூவினேன், ஆயில் எங்கேர்ந்து கிளம்புதோ அங்கேர்ந்து பவுடர்ல கோடு விழும். கீழ ஒரு பெரிய அட்டைய விரிச்சு, எந்தப் பக்கம் முன்பக்கம்னு பேனாவால அம்புக்குறி போட்டு, இன்ஜின ஸ்டார்ட்டே பண்ணாம அப்படியே விட்டுட்டு தூங்கப் போயிட்டேன். ஸ்டார்ட் பண்ணாம விடறதுதான் முக்கியம். ஃபில்டர் லீக்குன்னா இன்ஜின் ஓடும்போதுதான் அதிகமா வரும், அங்கதான் பிரஷர் இருக்கு. நிறுத்தினதுக்கு அப்புறம் ஆயில் மொத்தமும் வடிஞ்சு சேம்பர்ல வந்து நிக்குது, அதனால ராத்திரி பூரா நின்ன வண்டி சொட்டுதுன்னா முதல்ல சேம்பரையும் அதோட போல்ட்டையும்தான் சந்தேகப்படணும்.

காலைல அட்டைல நாலு சொட்டு, நாலும் ட்ரெயின் போல்ட்டுக்கு நேர் கீழ. பவுடர்ல போல்ட் தலைய சுத்தி மட்டும் ஈரம், கியர்பாக்ஸ் பக்கம் தூவினது தூவின மாதிரியே வெள்ளையா இருந்துச்சு. அப்ப அவர் விரல்ல காட்டின ஆயில்? வண்டி ஓடும்போது காத்து பின்னாடி தள்ளுது, முன்னாடி சொட்டறது பின்னாடி போய் அப்பிக்குது, ஃபில்டர் கழட்டும்போது நான் சிந்தினதும் அங்கதான் போயிருக்கும். ஈரம் இருக்கற இடத்த வச்சு லீக்க முடிவு பண்ணக்கூடாது, ஈரத்தோட உச்சில போய் பாக்கணும்.

அதுக்கப்புறம் பாத்ததுதான் வயித்தெரிச்சல். கியர்பாக்ஸையும் இன்ஜினையும் புடிச்சிருக்கற போல்ட்ங்கள டார்ச் அடிச்சுப் பாத்தேன். மேல இருக்கறதுல வருஷக்கணக்கான மண்ணும் துருவும் அப்படியே இருக்கு, ஸ்பேனர் பட்ட கீறல் ஒண்ணு கூட இல்ல. பில்ல திரும்ப எடுத்துப் பாத்தேன், கியர் ஆயில் இல்ல. முன் வீல் ட்ரைவ் வண்டில கியர்பாக்ஸ இறக்கணும்னா வீலுக்குப் போற ட்ரைவ் ஷாஃப்ட்ட உருவணும், உருவினா கியர் ஆயில் கொட்டும், வடிச்சுட்டு திரும்ப ஊத்தித்தான் ஆகணும். சொட்டு கியர் ஆயில் கூட வாங்காம கியர்பாக்ஸ இறக்கி ஏத்தியிருக்காங்க. மந்திரம்தான்.

இறக்கவே இல்லன்னா அன்னிக்கு என்னதான் பண்ணாங்க? ட்ரெயின் போல்ட்ட கழட்டினதும் தெரிஞ்சுது. போல்ட்ட சுத்தி சிலிக்கான் பேஸ்ட் அப்பி, பழைய வாஷரோடயே ஏர் கன் வச்சு முறுக்கியிருக்காங்க போல, போல்ட் வெளிய வரும்போது சேம்பரோட அலுமினிய மரையும் சுருள் சுருளா கூடவே வந்துச்சு. அதாவது லீக் எங்கன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. பெரும்பாலான சின்ன கார்ல அந்த போல்ட்டுக்கு 25லேர்ந்து 40 நியூட்டன் மீட்டர் டார்க்தான் (முறுக்கு விசை), உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல இருக்கும், இரும்பு போல்ட்ட அலுமினியத்துல போட்டு வெறி வந்த மாதிரி முறுக்கினா மரைதான் போகும். இத நான் பண்ணலன்னு எப்படி உறுதியா சொல்றேன்னா, நான் டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் முறுக்கினேன். வாஷர் விஷயத்துல மட்டும்தான் நான் முட்டாள்.

வேற ஒரு வயசான மெக்கானிக்குகிட்ட போனேன். மரைய கடைஞ்சு ஹெலிகாயில் (புது மரையா நிக்கற கம்பிச் சுருள்) போட்டு, புது போல்ட், புது வாஷர், ரெண்டு மணி நேரத்துல வேல முடிஞ்சுது. நிஜமாவே சீல் லீக்கா இருந்தா கூட முதல்ல பிரீதர் வால்வு (இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸ வெளிய விடற வழி) அடைச்சிருக்கான்னு பாக்கணும், அது அடைச்சா உள்ள பிரஷர் ஏறி நல்ல சீலையும் கசிய வச்சிடும், கியர்பாக்ஸ இறக்கறதெல்லாம் கடைசிலன்னாரு. இத்தனைக்கும் அவர் என்னைப் பாத்து சிரிக்கவே இல்ல, வாஷர மட்டும் கையில எடுத்து ஒரு பார்வ பாத்தாரு, அது போதும்.

அதனால, கியர்பாக்ஸ் இறக்கணும்னு யாராவது சொன்னா உடனே சரின்னு சொல்லாதீங்க. இறக்கி வச்சதும் ஒரு ஃபோட்டோ அனுப்புங்கன்னு கேளுங்க, பழைய சீல் எனக்கு வேணும்னு வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, வண்டிய விடறதுக்கு முன்னாடி அந்த போல்ட்ங்கள நீங்களே ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. இன்னொண்ணு, நான் சொன்னதெல்லாம் இன்ஜின் ஆயில் லீக்குக்கு. சொட்டறது பிரேக் ஆயில்னா அட்டையெல்லாம் விரிச்சு வேடிக்கை பாக்காதீங்க, வண்டிய நகத்தவே நகத்தாதீங்க.

அட்டை, போல்ட், பில், மரைச் சுருள் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து அந்த ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்ல. மூணாம் நாள் ஓனரே ஃபோன் பண்ணாரு, ரொம்ப மரியாதையா பேசினாரு. பணத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அடுத்த தடவ வரும்போது வாட்டர் வாஷ் ஃப்ரீயா பண்ணித் தர்றாங்களாம்.