ஸ்ட்மோமோ: இறப்பு வீத மாதிரிகளுக்கான ஆர் நிரல்மொழித் தொகுப்பு, நெடுநாள் பயன்பாட்டில்

லீ–கார்ட்டர், சிபிடி, ஏபிசி, ரென்ஷா–ஹேபர்மன், எம்7, பிளாட் என்று தனித்தனி நிரல்களாகக் கிடந்த இறப்பு வீத மாதிரிகளை ஒரே இலக்கணத்துக்குள் கொண்டுவந்ததுதான் ஸ்ட்மோமோவின் பெரிய கொடை. வயதுக்கூறு, காலக்கூறு, பிறப்பாண்டுக்கூறு ஆகியவற்றை வரையறுத்தால் போதும். தரவோடு பொருத்தும் வேலையை ஜிஎன்எம் என்ற இன்னொரு ஆர் தொகுப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் மாதிரி பொருந்திவிட்டது என்பதற்கும் அதை நம்பலாம் என்பதற்கும் இடையே நிறைய வேலை இருக்கிறது.

முதலில் தரவு. பல நாடுகளின் இறப்பு, மக்கள்தொகைத் தரவைத் தரும் ஹியூமன் மார்டாலிட்டி டேட்டாபேஸ் கோப்புகளில் விடுபட்ட மதிப்பு வெறும் புள்ளியாகவும், கடைசி வயது '110+' என்றும் இருக்கும். இவற்றை நிரலுக்குச் சொல்லாமல் படித்தால் முழுப் பத்தியும் எழுத்துச்சரமாகிவிடும். இது உடனே கண்ணில் படும் பிழை. எக்ஸ்போஷரில், அதாவது இறப்பு வீதத்தின் வகுஎண்ணான மக்கள் அளவில், வரும் பிழை அப்படிப் படாது. லாக் இணைப்பும் பாய்சான் பரவலும் கொண்ட மாதிரிக்கு மைய எக்ஸ்போஷர், அதாவது அந்த ஆண்டில் வாழ்ந்த மொத்த ஆள்-ஆண்டுகள், வேண்டும். லாஜிட் இணைப்பும் பைனாமியலும் என்றால் தொடக்க எக்ஸ்போஷர், அதாவது மையத்தோடு இறப்புகளில் பாதி கூட்டியது. மாற்றிக் கொடுத்தால் 60 வயதில் வித்தியாசம் தெரியாது. மைய இறப்பு வீதம் 0.3 ஆக இருக்கும் முதிய வயதிலோ, 0.26 ஆக வரவேண்டிய இறப்பு நிகழ்தகவு 0.30 ஆகிவிடும். ஆண்டுத்தொகைப் பொறுப்பை (ஆயுள் முழுதும் தரவேண்டிய தொகையை)க் குறைத்துக் காட்டும் பிழை இது.

பிறப்பாண்டுக்கூறுதான் அதிகம் படுத்துவது. 55 முதல் 89 வரை வயது, 1961 முதல் 2011 வரை ஆண்டு என்று எடுத்தால் 1,785 வயது–ஆண்டுக் கட்டங்களும் 85 பிறப்பாண்டுத் தொகுதிகளும் கிடைக்கும். ஓரத்துத் தொகுதிகளில் ஒன்று, இரண்டு, மூன்று கட்டங்களே இருக்கும். அவற்றின் மதிப்பீடு தறிகெட்டு ஆடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு எடை என்று சொல்லும் அணியில் இரு ஓரங்களிலும் மும்மூன்று தொகுதிகளுக்குப் பூஜ்யம் கொடுத்தால் 79 மிஞ்சும். இதைத் தவிர்க்கவே கூடாது. ரென்ஷா–ஹேபர்மன் மிக மெதுவாக ஒருங்கும்; தொடக்க மதிப்பை மாற்றினால் விடையும் மாறலாம். லீ–கார்ட்டரின் மதிப்பீடுகளைத் தொடக்கமாகக் கொடுங்கள். பிறப்பாண்டுக்கூறின் வயதுக் குணகத்தை 1 என்று நிறுத்திவிடுங்கள். அப்படியும் ஆடினால் அந்த மாதிரியை விட்டுவிடுவதே நல்லது.

எச்சங்களின் (உண்மை இறப்புக்கும் மாதிரி சொல்வதற்கும் உள்ள வித்தியாசங்களின்) வண்ணப்படத்தில் மூலைவிட்டக் கோடு தெரிந்தால் உடனே பிறப்பாண்டு விளைவு என்று முடிவு கட்டவேண்டாம். இங்கிலாந்து–வேல்ஸில் 1919-இல் பிறந்தவர்கள் இதற்கு நல்ல பாடம். முதல் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபின், அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிறப்புகள் கிடுகிடுவென ஏறின. ஆண்டு முழுவதும் சீராகப் பிறந்தார்கள் என்று வைத்துக் கணக்கிட்ட எக்ஸ்போஷர் அதனால் பிசகியது. அந்தப் பிசகே படத்தில் பிறப்பாண்டுக் கோடாக நின்றது. மாதவாரிப் பிறப்புகளைக் கொண்டு எக்ஸ்போஷரைக் கணக்கிடும் முறை தரவுத்தளத்தின் ஆறாம் பதிப்பு நெறிமுறையில் வந்தது. எனவே பழைய கோப்புகளைப் புதியவற்றோடு கலக்காதீர்கள்.

முன்கணிப்பில் கவனிக்கவேண்டியது சரிவு, அதாவது காலக்கூறின் மதிப்பான காலக்குறியீடு ஆண்டுதோறும் சராசரியாக நகரும் அளவு. சரிவுடன் கூடிய சமவாய்ப்பு நடையில் (ரேண்டம் வாக்) சராசரிச் சரிவு என்பது கடைசிக் காலக்குறியீட்டிலிருந்து முதலாவதைக் கழித்து, ஆண்டு எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பது. இடையில் உள்ள ஆண்டுகள் அதைத் தொடுவதே இல்லை. தரவு 2020-இல் முடிந்தால் கோவிட் ஆண்டு சரிவையும் கெடுக்கும், புறப்படும் மட்டத்தையும் கெடுக்கும். 2019-இல் நிறுத்திப் பொருத்துங்கள். அதற்குப் பிந்தைய மட்டத்தைத் தனி அனுமானமாக அறிக்கையில் எழுதுங்கள்.

பொருத்திய மாதிரியிலிருந்து நேரே எடுக்கும் உருவகப்படுத்தலில் காலக்குறியீட்டின் ஏற்ற இறக்கமும், பிறப்பாண்டுக்கூறு இருந்தால் அதன் ஏற்ற இறக்கமும் மட்டுமே இருக்கும். குணக மதிப்பீட்டின் நிச்சயமின்மையும் வேண்டுமென்றால் பூட்ஸ்ட்ராப் (தரவை மறுபடி மறுபடி உருவாக்கிப் பொருத்தும் முறை) முடிவின்மீது ஓட்டவேண்டும். இல்லையேல் இடைவெளி குறுகி, நீள்ஆயுள் இடர் (எதிர்பார்த்ததைவிட மக்கள் நீண்டு வாழும் அபாயம்) சிறியதாகத் தோன்றும். ஓய்வூதியக் கணக்குக்கு ஒரே ஆண்டின் பத்தியை எடுப்பதும் பரவலான தவறு. 2012-இல் 65 வயதானவருக்கு அடுத்து வேண்டியது 2013-இன் 66, பிறகு 2014-இன் 67. இந்த மூலைவிட்டத்தை எடுக்கத் தொகுப்பிலேயே செயற்கூறு உண்டு. 89-க்கு மேல் 120 வரை அட்டவணையை மூடும் வேலை நம்முடையது. முதிய வயது இறப்பு வீதத்துக்கான கன்னிஸ்டோ வளைவு அதற்குப் போதும்.

இந்தியா ஹியூமன் மார்டாலிட்டி டேட்டாபேஸில் இல்லை. இங்குள்ள மாதிரிப் பதிவுத் திட்டத்தின் (எஸ்ஆர்எஸ், கூறெடுப்புவழிப் பிறப்பு–இறப்புப் பதிவு) ஆயுள் அட்டவணைகள் ஐந்தாண்டு வயதுக் குழுக்களாக வருவதால், அவற்றை ஒற்றை வயதுகளாகப் பிரித்துப் பிறப்பாண்டு மாதிரியைப் பொருத்தினால், கிடைப்பது பிரித்த முறையின் சாயல்தான். அங்கே லீ–கார்ட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.