நடுவுல உக்கார்றவ எழுதுற ரிவ்யூ: எங்க ஃபேமிலி கிராஸ்ஓவர், ரெண்டரை வருஷம் கழிச்சு

கார் வாங்கி ரெண்டரை வருஷம் ஆகுது, 41,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. அஞ்சு சீட் கிராஸ்ஓவர், ஹைப்ரிட். நாங்க சிங்கப்பூர், இங்க கார் வெச்சுக்க சிஓஇ-ன்னு ஒரு உரிமைச் சீட்டு வாங்கணும், இது அதுல கம்மி பவர் கார்களுக்கான கேட் ஏ-ல வர்றது. பிக்கப், மைலேஜ் எல்லாம் நான் எழுத போறதில்ல, அதுக்கு நெறைய பேர் இருக்காங்க. நான் வார நாள்ல ஸ்கூல் ட்ராப்புக்கு ஓட்டுவேன், ஆனா குடும்பமா எங்க கிளம்பினாலும் என் இடம் பின் சீட்டுல நடுவுலதான். இடது பக்கம் சின்னவனோட ஐசோஃபிக்ஸ் சீட் (கார் பாடியில உள்ள கம்பியில மாட்டுற குழந்தை சீட்), வலது பக்கம் பெரியவளோட பூஸ்டர், அதாவது உயரம் குடுக்கற சீட் (இங்க 1.35 மீட்டர் உயரம் வராத பிள்ளைங்கள அதுக்குன்னு உள்ள சீட்டு இல்லாம உக்கார வைக்கக் கூடாது), முன்னாடி அத்தை, ஓட்டுறது எங்க வீட்டுக்காரர். அதனால உள்ள உக்கார சௌகரியமா இருக்கா, உள்ள போட்டிருக்கற பிளாஸ்டிக், தோல் எல்லாம் தாங்குதா, இந்த ரெண்டு மட்டும் சொல்றேன். கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்றதுல முக்கால்வாசி இந்த சைஸ்ல எந்த காரா இருந்தாலும் நீங்க பாத்தே ஆகணும்.

ஷோரூம்ல என்ன நடந்துச்சுன்னா, ரெண்டு பேருமா ஒரு சனிக்கிழமை போனோம், பிள்ளைங்கள அம்மா வீட்டுல விட்டுட்டு. சேல்ஸ்மேன் ரொம்ப மரியாதையா பேசினாரு, வீட்டுக்காரர முன்னாடி உக்கார வெச்சு டேஷ்போர்ட தொட்டு பாக்க சொன்னாரு, மெத்து மெத்துன்னு இருந்துச்சு, ஸ்கிரீன் பெருசு, தையல் எல்லாம் அழகு. நான் பின்னாடி ஒரு ரெண்டு நிமிஷம் உக்காந்தேன், அதுவும் ஜன்னல் பக்கம், கால நீட்டி பாத்தேன், இடம் தாராளம், சரின்னுட்டேன். நடுவுல உக்காந்தே பாக்கல. பிள்ளைங்க சீட்ட கொண்டு போய் மாட்டி பாக்கணும்னும் தோணல. 2023 அக்டோபர்ல கேட் ஏ சிஓஇ மட்டுமே 106,000 வெள்ளி வரைக்கும் போச்சு, அது காருக்கு இல்ல, பத்து வருஷம் ரோட்டுல ஓட்டுற உரிமைக்கு. அவ்வளவு காசு போடுற பொருள ரெண்டு நிமிஷம் உக்காந்து பாத்து வாங்கினோம்னு நெனச்சா இப்பவும் எனக்கு மனசு கேக்கல.

இப்போ அந்த நடு சீட்டு. அது சீட்டே இல்ல. நடுவுல சாயுற இடத்துல ஆர்ம்ரெஸ்ட் மடிஞ்சு உள்ள போய் நிக்குது, அதனால முதுகு படுற இடம் பலகை மாதிரி கட்டியா இருக்கு, ரெண்டு பக்க சீட்டும் நல்ல பள்ளமா வெச்சிருக்காங்க, நடுவு மட்டும் மேடா துருத்திக்கிட்டு நிக்கும். உக்காந்தா தலை கூரைக்கு கிட்ட போயிடும், எனக்கு உயரம் அஞ்சடி மூணு அங்குலம்தான். கீழ பாத்தா தரையில ஒரு மேடு. ஃப்ரண்ட் வீல் டிரைவ் கார்தானே, பின் சக்கரத்த சுத்துற ஷாஃப்ட் எதுவும் போகலையே, மேடு எதுக்குன்னு வொர்க்ஷாப்ல கேட்டேன், அதுக்கடியில எக்ஸாஸ்ட் பைப்பு போகுது, பாடிக்கு பலம் வேணும்னும் தரைய அப்படி வளைச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க. அதனால ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம், பெரியவ கால்மேலயும் சின்னவன் சீட்டுக்கு அடியிலயும் மாறி மாறி வெச்சுக்கணும். பெல்ட் மாட்டுறது இன்னொரு போராட்டம். பூஸ்டர் கொஞ்சம் அகலம், பக்கிள் மேல பாதி ஏறி உக்காந்துக்குது, பக்கிளும் தண்டு இல்லாம சீட்டுக்குள்ள புதைஞ்சு இருக்கற டைப், பெரியவ பூஸ்டர தூக்கி கைய உள்ள விட்டு தேடி மாட்டுவா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம், பின்னாடி பார்க்கிங் லாட்டுக்கு காத்திருக்கற கார் ஹார்ன் அடிக்கும். பிற்பாடு ஒல்லியான பூஸ்டர் ஒண்ணு தேடி வாங்கினோம், பாதி பிரச்சன அதுலயே தீந்துச்சு.

மலேசியாவுல மலாக்கா போனப்போதான் நெஜமாவே தெரிஞ்சுது. எல்லையில உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஹைவே. மச்சாப் ரெஸ்ட் ஏரியாவுல இறங்கினப்போ எனக்கு இடுப்புக்கு கீழ மரத்துப் போச்சு. சீட்டு அடிப்பாகம் நீளம் கம்மி, தொடை பாதிக்கு மேல தாங்கல் இல்ல, முழங்கால் மேல தூக்கிக்கிட்டு நிக்கும், முழு எடையும் உக்கார்ற எலும்புல வந்து இறங்குது. வெளிய பாத்தா லெக்ரூம் எவ்வளவு பெருசுன்னு தோணும், ஆனா நெறைய கார்ல அடிப்பாகத்த குட்டையா வெச்சுத்தான் அந்த இடத்த காட்டுறாங்க. உக்காந்த உடனே முழங்காலுக்கு பின்னாடி உள்ளங்கைய வெச்சு பாருங்க, சீட்டு விளிம்புக்கும் முழங்காலுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடைவெளி இருந்தா நல்லது, ஒரு சாண் இருந்தா நீண்ட தூரம் தாங்காது.

முன் சீட்டு பத்தி மனசார நல்லது சொல்லணும். அத்தைக்கு ரெண்டு முழங்காலும் வலி, முன்னாடி இருந்த செடான்ல ஏறும்போது பள்ளத்துல இறங்குற மாதிரி உக்காருவாங்க, எழுந்திரிக்கும்போது யாராவது கை குடுக்கணும். இதுல சீட்டு உயரம் அவங்க இடுப்புக்கு சரியா வருது, முதல்ல திரும்பி உக்காந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுத்து வைப்பாங்க, புடவ கசங்காது, கொசுவம் கதவுல மாட்டாது. கதவுக்கு மேல இருக்கற கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு அவங்களே இறங்கிடுறாங்க. போன தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பக்கம் ஓரமா நிறுத்தினப்போ நான் ஓடி வந்து கதவ திறக்கறதுக்குள்ள அவங்க பாட்டுக்கு இறங்கி புடவைய சரி பண்ணிக்கிட்டு நின்னாங்க, "விடும்மா, நானே வந்துட்டேன்"னு. கிராஸ்ஓவர் வாங்கினதுக்கு எனக்கு இது ஒண்ணே போதும்.

ஒரே ஒரு குறை, புது இஆர்பி பெட்டி, ரோட்டு கட்டணம் கழிக்கறதுக்கு கார்ல வைக்கறது. 2024 மே மாசத்துல இருந்து பதிவாகுற கார்ல எல்லாம் அது வந்துடுது, மூணு பாகம், அதுல பெரிய பாகத்த கார்ல முன் பயணி கால் வைக்கற இடத்துலதான் பொதுவா மாட்டுறாங்க. எங்க கார் அதுக்கு முன்னாடி பதிவானது, அப்புறமா மாட்டினோம். நெட்டையா இருக்கறவங்க காலு அதுல இடிக்கலாம், அத்தைக்கு இடிக்கல. மாட்டும்போது எந்த இடத்துல வருதுன்னு நேர்ல பாத்துக்கோங்க.

ஏர்கான். பின்னாடி வென்ட் இருக்கா இல்லையான்னு தயவு செஞ்சு பாருங்க, ஒரே மாடல்லயே கம்மி வேரியண்ட்ல எடுத்துடுவாங்க. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி தள்ளி இருக்கற ஊர் இது, மத்தியானம் வெயில் நேரா உச்சந்தலையில. எங்க கார்ல வென்ட் இருக்கு, ஆனா அது நடுவுல இருக்கறதால எல்லா காத்தும் என் முழங்கால்ல அடிச்சு நின்னுடும், சின்னவன் சீட்டுக்குள்ள வேர்த்து முதுகு நனைஞ்சு கெடப்பான். குட்டி கிளிப் ஃபேன் ஒண்ணு மாட்டி சமாளிக்கறோம். கண்ணாடி கூரை வேணாம்னு வீட்டுக்காரர் பிடிவாதமா சொன்னாரு, அன்னைக்கு எனக்கு கோவம், இன்னைக்கு நன்றி சொல்றேன், தங்கச்சி கார்ல உள்ள திரை மெல்லிசு, ஓப்பன் கார்பார்க்ல ஒரு மணி நேரம் நின்னா உச்சி சுடுது, அதோட தலைக்கு மேல கொஞ்சம் உயரமும் போயிடுது. டின்ட் ஒட்டும்போது முன் கண்ணாடியும் முன் ரெண்டு ஜன்னலும் 70 சதவீதம் வெளிச்சம் விடணும், பின்னாடி 25 சதவீதம், அந்த கணக்குக்குள்ளயே சூட்ட தடுக்கற நல்ல ஃபிலிம் கெடைக்குது, அதுக்கு செலவு பண்ணுங்க.

உள்ள போட்ட பிளாஸ்டிக், தோலோட தரத்துக்கு வர்றேன். ஷோரூம்ல கை படுற இடம் மட்டும் மெத்துன்னு இருக்கும், முழங்கால் படுற இடம், பின் கதவு உள்பக்கம் எல்லாம் கெட்டி பிளாஸ்டிக். அது தப்பில்ல, சொல்லப்போனா பிள்ளைங்க ஷூ உதைக்கற இடத்துல கெட்டி பிளாஸ்டிக்தான் நல்லது, ஈரத்துணியால தொடச்சா போயிடும். ஆனா கியர் பக்கத்துல பளபளன்னு கருப்பு பூச்சு குடுத்திருக்காங்களே, அது முதல் மாசத்துலயே கீறல், ரெண்டாவது மாசத்துல ரேகை, வெயில்ல கண்ண கூசும். ஸ்டியரிங் தோல், கடிகாரத்துல பத்தரை மணிக்கு சின்ன முள்ளு இருக்கற இடத்துல, வழுவழுன்னு ஆகி லேசா உரிய ஆரம்பிச்சுடுச்சு, சானிடைசர் ஈரக்கையோட பிடிச்சதுதான் காரணம்னு நெனக்கிறேன். கதவு மட்டும் அருமை, சாத்தினா டொப்புன்னு கனமா ஒரே சத்தம், ரப்பர் இன்னும் விறைக்கல, இடைவெளி நாலு கதவுக்கும் ஒரே அளவு. ஆனா மழைக்காலத்துல பின் கதவ திறந்தா கூரையில நின்ன தண்ணி நேரா சின்னவன் சீட்டுல ஒழுகும், இறக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு போட்டுக்கறேன்.

இப்போ அந்த டொக் டொக் சத்தத்த சொல்லியே ஆகணும். ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சுது. வீட்டு கார்பார்க்ல மாடி ஏறும்போது, ஹம்ப் ஏறி இறங்கும்போது, என் தலைக்கு பின்னாடி வலது பக்கம் சின்னதா டொக். முன்னாடி இருக்கறவங்களுக்கு கேக்காது, எனக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் பிரமைன்னுட்டாரு. ஒரு வொர்க்ஷாப்ல குடுத்தோம், கதவு உள்பக்கத்த கழட்டி பாத்து ஒண்ணும் இல்லன்னு திருப்பி மாட்டினாங்க, ஒரு கிளிப் உடைஞ்சு இப்போ அங்கயும் லேசா கிரீச். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி வந்தான், "அக்கா நீ ஓட்டு, நான் பின்னாடி உக்கார்றேன்"னான். கார்பார்க்ல மேலயும் கீழயும் நாலு தடவ ஓட்டினேன், அவன் உள்ளங்கையால ஒவ்வொரு பேனலா அழுத்தி அழுத்தி பாத்தான், அழுத்தினா சத்தம் நிக்கணும், அதுதான் கணக்கு. கூரை, தூண், பெல்ட் எல்லாம் அழுத்தியாச்சு, நிக்கல. கடைசியில சீட்டு முதுகுப்பலகைய முன்னாடி இழுத்து பிடிச்சான், நின்னுடுச்சு. சீட்ட மடிச்சு நிமித்தினா போய் பிடிக்கறதுக்கு பாடியில ஒரு கம்பி வளையம் இருக்கும் இல்ல, அதுல சீட்டோட கொக்கி கொஞ்சம் லூசா உக்காந்து ஆடியிருக்கு. துணி டேப் எடுத்து அந்த வளையத்துல ரெண்டு சுத்து சுத்தினான். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேலா சத்தமே இல்ல. உங்க கார்ல பின்னாடி இருந்து டொக்குன்னு வந்தா கதவ கழட்ட விடாதீங்க, முதல்ல இந்த வளையத்த பாருங்க.

ரோட்டு சத்தம் இங்க 90-க்குள்ள பரவாயில்ல, கேபிஇ எக்ஸ்பிரஸ்வே டனல்ல மட்டும் டயர் சத்தம் சுவத்துல பட்டு திரும்பி வந்து பேச்சே கேக்காது. மலேசியா ஹைவேல 110 போகும்போது பின் சக்கரத்துக்கு மேல, அதாவது பிள்ளைங்க காது பக்கத்துல, ஒரே இரைச்சல். 38,000-த்துல டயர் மாத்தினோம், கொஞ்சம் சாஃப்ட்டான கம்ஃபர்ட் டயர், வேற கார்ல ஏறின மாதிரி இருந்துச்சு, இத முதல்லயே பண்ணியிருக்கலாம்.

பூட் பெருசு, ஸ்ட்ரோலரும் தேக்கா மார்க்கெட் பையும் ஒண்ணா வைக்கலாம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. மச்சான் வெச்சிருக்கற ஹோண்டா எச்ஆர்வி-ல பெட்ரோல் டேங்க முன் சீட்டுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கறதால பின் சீட்டு அடிப்பலகைய சினிமா தியேட்டர் சீட்டு மாதிரி மேல மடிச்சு பூத்தொட்டிய நிமித்தியே கொண்டு போறாரு, அத பாத்து பொறாமையா இருக்கு.

கார்பார்க் லாட்டு 2.4 மீட்டர் அகலம், காரு 1.8 மீட்டர் பக்கம், நட்ட நடுவுல நிறுத்தினாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு அடிதான் மிச்சம். அந்த ஒரு அடியில கதவ திறந்து தூங்குற பிள்ளைய தூக்க முடியுதான்னு ஷோரூம்லயே கேட்டு, பக்கத்துல இன்னொரு கார நிறுத்த சொல்லி பாருங்க. பாட்டியையும் பிள்ளைங்களையும் அவங்க சீட்டையும் கூட்டிட்டு போங்க, டெஸ்ட் டிரைவ்ல ஒருத்தர் கட்டாயம் பின்னாடி நடுவுல அரை மணி நேரம் உக்காருங்க. சேல்ஸ்மேன் மாட்டேன்னு சொன்னா ஒரு நாள் வாடகைக்கு அதே மாடல எடுத்து எல்லை தாண்டி ஜேபி (ஜொகூர் பாரு) போய்ட்டு வாங்க. எங்களுக்கு இன்னும் ஏழரை வருஷம் இந்த காரோடதான். அடுத்த சர்வீஸ்ல ஸ்டியரிங்குக்கு புது தோல் போட சொல்லியிருக்கேன், நடு சீட்டுக்கு ரெண்டு அங்குல ஃபோம் குஷன் தைக்க குடுத்திருக்கேன், பெல்ட் பக்கிள் மறையாம வெட்டி குடுங்கன்னு அளவு எடுத்து குடுத்துட்டு வந்தேன்.