ஆக்ஸ்ஃபோர்டு ரஷ்ய அகராதி: பெயர்ச்சொல்லுக்குத் தங்கம், வினைச்சொல்லுக்குத் தலைவலி

ரஷ்யன் படிக்க எந்த அகராதி வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அதன் வினைச்சொல் பக்கங்கள் கிளப்பும் எரிச்சலை மறைத்துவிட்டுச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

ரஷ்ய வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். நடந்துகொண்டிருப்பதற்கும் வழக்கமாக நடப்பதற்கும் இம்பெர்ஃபெக்டிவ், நடந்து முடிவதற்கு பெர்ஃபெக்டிவ். 'எடு' என்றால் ப்ராத், வ்ஸ்யாத். 'வை' என்றால் க்லாஸ்த், பலஷீத். (நெடிலாக எழுதியிருப்பது அழுத்தம் விழும் இடம்.) கதையோ செய்தியோ, 'வந்தான், எடுத்தான், வைத்தான்' என்று ஓடும்போது கண்ணில் படுவது பெர்ஃபெக்டிவ்தான். அதைத் தேடிப் போனால் 'இன்ன வினையின் பெர்ஃபெக்டிவ்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பொருள் வேண்டுமா, ஜோடியின் வீட்டுக்குப் போ. வாக்கியத்தில் இருப்பது 'வஸ்மூ', அதாவது 'எடுப்பேன்'. அது வ்ஸ்யாத்தின் வடிவம் என்று முதலில் தெரிய வேண்டும். பிறகு வ்ஸ்யாத்துக்குப் போய், அங்கிருந்து ப்ராத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று இடம். பத்து வரிப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் விரல் நோகும்.

இது ஆக்ஸ்ஃபோர்டின் தனிக் குற்றம் அல்ல. காட்ஸ்னர் என்ற இன்னொரு ஆங்கில-ரஷ்ய அகராதியும் இதையே செய்கிறது. ஜோடியின் இரண்டு பக்கமும் பொருளை முழுதாக அச்சிட்டால் புத்தகம் தூக்க முடியாத கனமாகிவிடும், நியாயம்தான். ஆனாலும் அடிக்கடி வரும் சில நூறு வினைகளுக்காவது 'எடு', 'வை' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? மாற்று வழி பென்சில்தான். திருப்பி அனுப்பும் வரியின் பக்கத்திலேயே பொருளை எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் தெரியும்.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் எரிச்சல் எல்லாம் போய்விடுகிறது. 'ருகா' என்றால் கை. 'கையின்' என்பதற்கு ருகீ, 'கைகள்' என்பதற்கு ரூகி. ரஷ்ய எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், அழுத்தம் மட்டுமே வேறு. 'கையை' என்றாலோ அழுத்தம் முன்னால் நகர்ந்து ரூகு ஆகிவிடும். அழுத்தம் எங்கே தாவுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் பதிவிலேயே காட்டிவிடும். வினை எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பதையும் ஓரெழுத்துச் சுருக்கத்தில் சொல்லும். அந்தச் சுருக்கத்தைத் தாண்டிப் படித்தால் பாதி பயன் போச்சு. பமகாத், அதாவது 'உதவு', 'அவனுக்கு' என்பதுபோல் நான்காம் வேற்றுமை கேட்கும் வினை (ரஷ்யர்கள் அதை மூன்றாவதாக எண்ணுவார்கள்). ஆங்கிலம் வழியாக மட்டும் யோசிப்பவர் இங்கே தடுக்கி விழுவார், தமிழ் வழியாக யோசித்தால் விழமாட்டார். 'எனக்குக் குளிருது' என்பதும் அப்படியே 'ம்ன்யே ஹோலதன'.

இதனால்தான் ரஷ்ய-தமிழ் அகராதி ஒன்று கைக்கு எளிதில் கிடைக்காதது வருத்தம். அந்திரோனவ், இப்ராகிமவ், யுகானவா மூவரும் தொகுத்த சுமார் 24,000 சொல் அகராதி 1965இல் மாஸ்கோவில் வந்தது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இன்றைய செய்தித்தாளைப் படிக்க முடியாது.

வாங்கக் கூடாதது எது? ரஷ்யர்கள் ஆங்கிலம் படிப்பதற்காகச் செய்த ஆங்கில-ரஷ்ய அகராதி. மியுல்லர் அந்த வகை, அதன் வேலையில் அது கெட்டிக்காரன். ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு உச்சரிப்பு தரும், ரஷ்யச் சொல்லுக்கு அழுத்தக் குறி தராது. விளக்கமும் ரஷ்யனில்தான். கடையில் எந்த அகராதியை எடுத்தாலும் முதலில் ஆங்கில-ரஷ்யப் பகுதியைத் திறந்து 'புட்' (put, அதாவது 'வை') என்ற சொல்லைப் பாருங்கள். படுக்கை வாட்டில் வைத்தால் க்லாஸ்த், நிற்க வைத்தால் ஸ்தாவித், தொங்கவிட்டால் வேஷத். இதை ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்லி, அழுத்தமும் போட்டு, ஜோடியையும் தந்திருந்தால் அது நமக்கானது. நாலைந்து ரஷ்யச் சொற்களை வரிசையாகக் கொட்டியிருந்தால் மூடி வைத்துவிடுங்கள். பாக்கெட் பதிப்புகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறாது.

புத்தகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ரஷ்ய அகராதிகளில் மிகப் பெரிய எழுத்து 'ப'. ப-, ப்ரி-, பெரெ-, ப்ரோ-, பத்- என்று முன்னொட்டுகள் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். பசை போட்டு ஒட்டிய மலிவுப் பிரதி முதலில் பிளப்பதும் அந்த இடத்தில்தான்.

சரி, தீர்ப்பு. இவ்வளவு பாராட்டிய பிறகும், முதல் வருடத்தில் இருப்பவர் ஆக்ஸ்ஃபோர்டைப் புதிதாக வாங்க வேண்டாம். வினைகளுக்கு இணையத்தில் இலவசமாக இருக்கும் விக்‌ஷனரி அகராதி போதும். வஸ்மூ என்று அப்படியே தட்டினாலும் வ்ஸ்யாத்துக்குக் கொண்டுபோய் விடும், பொருளும் அழுத்தக் குறியிட்ட முழு அட்டவணையும் அங்கேயே இருக்கும். போனில் 'யோ' எழுத்தைத் தேடித் திணறாதீர்கள், 'யெ' விசையை அழுத்திப் பிடித்தால் வரும். புத்தகம் கையில் இருந்தே ஆக வேண்டும் என்பவருக்கு 1994இன் காட்ஸ்னர் பழைய பிரதி நல்லது. அமெரிக்க ஆங்கிலம், ஆங்கிலம் வழியே ரஷ்யன் படிப்பவரை மனதில் வைத்தே செய்தது. ஆக்ஸ்ஃபோர்டுதான் வேண்டும் என்றால் 2007இன் நான்காம் பதிப்புக்கு முழு விலை கொடுக்காமல், இரண்டு பகுதியையும் சேர்த்து வந்த 1993 பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஒரு பென்சிலும்.